முதல் மடக்கு

மனிதர்களைப் பார்த்ததும் சிலர் காலில் என்ன செருப்பு என்று பார்ப்பார்கள். சிலர் கழுத்தில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கண்ணைப் பார்ப்பாள். பார்ப்பாள் என்றால் சும்மா பார்ப்பதில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது கை நீளும். கட்டைவிரல் நம் கன்னத்தில் வந்து உட்காரும். கீழ் இமையை இழுத்து இறக்கி, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, உற்றுப் பார்த்துவிட்டு, "வெள்ளையா கீது, போ" என்று விட்டுவிடுவாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர், கீரைக்காரம்மா, ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், யாரும் தப்ப முடியாது. அந்த விரலில் எப்போதும் அரைத்த இலையின் வாசனை அடிக்கும்.

முதல் தடவை எனக்கு அப்படிச் செய்தபோது பற்றிக்கொண்டு வந்தது. வேங்கிக்காலில் அந்த வாடகை வீட்டுக்குக் குடிபோன மறுநாள் அது. எனக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை, நடந்தே போய்விடலாம் என்று அந்த வீட்டைப் பிடித்திருந்தோம். பால் காய்ச்சிய பாத்திரத்தைக்கூட இன்னும் கழுவவில்லை. அதற்குள் முன்பின் தெரியாத ஒருத்தி காம்பவுண்ட் சுவர்மேல் சாய்ந்துகொண்டு என் கண்ணைப் பிதுக்குகிறாள்.

"இன்னாங்க இது?" என்று கையைத் தட்டிவிட்டேன்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. "லிவரு நல்லா கீதா இல்லியான்னு கண்ணுலியே தெரிஞ்சிடும்மா. வேற எந்த உறுப்பு இப்படி வாசல்ல வந்து நின்னு சொல்லுது?" என்றாள்.

குள்ளமான உருவம். முகம் கொள்ளாத மஞ்சள் பூச்சு. காலை நேரமென்றால் நைட்டிமேல் ஒரு துண்டு. அவள் வீட்டுக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் போகும் வழியெல்லாம் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும். குழாயடியில் கரிசலாங்கண்ணி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரில் சீந்தில் கொடி. அது கொரோனா சமயத்தில் யாரோ எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று சொல்லி நட்டது. மற்ற வீடுகளில் களை என்று பிடுங்கி எறிவதை அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள்.

எல்லாம் புருஷனுக்காக.

அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். வேலூர் ரோட்டில் சின்னதாக ஒரு கடை. போர் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். நல்ல மனிதர். இதை எழுதும்போதே எனக்கு வாய் கசக்கிறது, ஆனாலும் நல்ல மனிதர்தான். அவளை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமா. சாயங்காலம் கடையைச் சாத்தினால் நேராக ஒயின் ஷாப். அப்புறம் வீடு. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார், தெருவில் விழுந்து கிடக்க மாட்டார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். அடிக்கிற குடிகாரன் என்றால் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். இவரை யார் என்னவென்று கேட்பது? ஒரு நாள் தவறாமல் குடித்தார், அவ்வளவுதான்.

ஒரு நாள் தவறாமல் அக்காவும் காலையில் மிக்சியைப் போட்டாள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, இரண்டு கொத்து கரிசலாங்கண்ணி சேர்த்து, தோல் சீவிய சீந்தில் தண்டு ஒரு விரல் நீளம் போட்டு அரைத்து, வடிகட்டி மோரில் கலப்பாள். மாமா வாசல் படியில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பார். டம்ளரை நீட்டுவாள். அவர் வாங்க மாட்டார். மோவாயை மட்டும் ஆட்டுவார்.

"நீ மொதல்ல குடி" என்று அர்த்தம்.

அவள் குடிப்பாள். ஒப்புக்கு ஒரு வாய் இல்லை, பாதி டம்ளர். முகம் சுளிக்காமல் குடித்து, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை நீட்டுவாள். அதற்குப் பிறகுதான் அவர் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்வார்.

இந்த வழக்கம் எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாமாவின் கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் உண்டு. அவருடைய மனைவி எங்கேயோ விளம்பரத்தைப் பார்த்து, குடியை மறக்கடிக்கும் பொடி என்று வாங்கிவந்து சாம்பாரில் தெரியாமல் கலந்துவிட்டாள். அன்றைக்கு அவர் குடித்துவிட்டு வந்து சாப்பிட்டதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். அதைப் பார்த்து மாமா பயந்துபோனார். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் குழம்பில் சந்தேகம் இல்லை. தனக்கென்று தனியாக எது வந்தாலும் சந்தேகம்.

"நம்ம மேல நம்பிக்கை இல்லியேன்னு வருத்தமா இல்லியாக்கா?"

"இன்னாத்துக்கு வருத்தம்? ஏமாத்திக் குடுக்கறது எனக்கும் புடிக்காது. பொடி வாங்கிக் கலக்கணும்னா எனக்குத் தெரியாதா? நானும் குடிக்கறேன், அவரும் குடிக்கறாரு. கணக்கு நேரா கீது." அப்புறம் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "குடிக்காதன்னு சொன்னா சண்டை. குடின்னு சொன்னா, பாரு, கேக்கறாரு. என் கையால அவர் வாங்கறது அது ஒன்னுதான்."



மாமாவுக்கோ அந்தச் சாறு ஒரு லைசென்ஸ் மாதிரி ஆகிவிட்டது. ஒருமுறை எங்கள் வீட்டு மோட்டாரைக் கழற்ற வந்தவரிடம் ஜாடையாகச் சொன்னேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "தினம் காத்தால சர்வீஸ் பண்ற வண்டிக்கு இன்னாம்மா ஆவும்? ராத்திரி ஓடின ஓட்டத்தை எல்லாம் காலைல உங்க அக்கா கழுவி உட்டுடறா" என்று சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தாள். ஏதோ அவளுக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் போல. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அவளைப் பற்றி நினைக்கும்போது சிரிப்பும் வராமல் இல்லை. ஒருநாள் ரமணாசிரமம் பக்கம் போயிருந்தோம். செங்கம் ரோட்டில் டீக்கடை பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஒட்டிய கன்னம், காவி வேட்டி, கண்ணைத் திறந்துகொண்டே ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்தார். நான் தடுப்பதற்குள் அக்கா அவர் முன்னால் போய் நின்று கன்னத்தில் கையை வைத்துவிட்டாள். அவர் திடுக்கிட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தலை குனிந்தார். ஆசீர்வாதம் என்று எண்ணிவிட்டார் போல. "அட, தலையைத் தூக்குய்யா, கண்ணு தெரியல" என்று அக்கா அதட்ட, அவர் இன்னும் பக்தியோடு குனிந்தார். டீக்கடையே சிரித்தது. கடைசியில் எப்படியோ நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரனுக்கும் வெள்ளையாதான் கீது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையையும் கற்றுக்கொண்டாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு மூலிகையும் ஊதுவத்தியும் விற்கும் ஒரு கடையில் நின்று, இலைச் சாறு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்கார அம்மாள் விளக்கினார்: இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளேயும் நடக்கிறது, அதைத் தடுக்கிற சத்து இந்தப் பச்சை இலைகளில் இருக்கிறது, அதன் பெயர் ஆன்டிஆக்சிடன்ட். அக்கா அந்தப் பெயரை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நம்ம வூட்டு ஜலதாரை ஓரம் மொளைக்கறதுக்கு இங்கிலீஷ்ல பேர் கீது பாரேன்!" அந்தக் கடையிலிருந்து பச்சைத் தேயிலைச் சத்து என்று ஒரு டப்பா மாத்திரையும் வாங்கிவந்தாள். மாமா மாத்திரை விழுங்க மாட்டார். அதனால் அந்தக் குழாய் மாத்திரையைப் பிரித்துப் பொடியைச் சாற்றிலேயே கொட்டிக் கலக்கினாள். தெரியாமல் இல்லை, அவர் கண்ணெதிரே. அவர் வழக்கம்போல மோவாயை ஆட்டினார். அவள் வழக்கம்போலப் பாதியைக் குடித்தாள்.

நான் அவளை நம்பவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முழுக்க நம்பினேன். நானே காமாலை வந்து எழுந்தவள். ஒரு கல்யாணத்துக்குப் போய் எந்தத் தண்ணீரைக் குடித்தேனோ, காய்ச்சல், வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல். ஆபீசுக்குக் கிளம்பி கேட்டைத் திறந்தவளை அக்கா நிறுத்தினாள். இமையை இறக்கினாள். இந்த முறை "போ" என்று சொல்லவில்லை. கைப்பையை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்குள் தள்ளினாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவள் சொன்னதுதான் வந்தது. காலையில் வெறும் வயிற்றில் அவள் அரைத்த கீழாநெல்லி. உப்பில்லாத கஞ்சி. என் வீட்டுக்காரர் ஒரு வடை வாங்கிவந்து ஒளித்துத் தின்னப் பார்த்தபோதுகூடச் சுவர் தாண்டிக் கத்தினாள். கண் வெளுத்துச் சோறு இறங்க ஆரம்பித்த அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் அம்மா முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்த டாக்டர் பிற்பாடு சொன்னார், தண்ணீரால் வருகிற அந்தக் காமாலை ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்று. இருக்கலாம். ஆனால் நான் படுத்துக் கிடந்தபோது தினமும் வந்தது டாக்டர் இல்லை.

அந்த வருஷம் தீபத்தன்று தெருவே மொட்டைமாடியில் இருந்தது. வேங்கிக்காலிலிருந்து மலை உச்சி நன்றாகத் தெரியும். தீபம் ஏற்றியதும் எல்லோரும் அரோகரா என்று கத்தினோம். அக்கா மட்டும் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தால், கீழே அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். "படி ஏற முடியலடி. உடம்பெல்லாம் அரிப்பு. மஞ்சள் ஒத்துக்கல போல" என்றாள். கொஞ்ச நாளாகவே சோர்வாகத்தான் இருந்தாள். முகத்தில் மஞ்சள் பூசுகிறவளின் முகம் மஞ்சளாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் வெயிலில் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஏதோ உறைத்தது. அவள் செய்கிற மாதிரியே கையை நீட்டி, அவள் கன்னத்தில் விரலை வைத்து இமையை இறக்கினேன். பூசணிப்பூ நிறம்.

"அக்கா, உங்க கண்ணு!"

"எனக்கா?" என்று சிரித்தாள். "நான் இன்னா குடிக்கறவளா? உன் கண்ணுல கோளாறு, போ."

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி. "ஆமா, கீது" என்றாள். ஊரார் கண்ணையெல்லாம் இழுத்துப் பார்த்தவள் தன் கண்ணை ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது, மருந்துதான் கையிலேயே இருக்கிறதே. மறுநாளிலிருந்து மாமாவுக்கு முன்னால் குடிக்கிற பாதி டம்ளரோடு, தனக்கென்று தனியாக ஒரு டம்ளரும் அரைத்தாள். உப்பை விட்டாள், எண்ணெயை விட்டாள். ஆஸ்பத்திரி என்று நான் சொன்னபோதெல்லாம், "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கெடையாதும்மா. உனக்கே நான்தானே சரி பண்ணேன்?" என்று என் வாயை அடைத்தாள்.

பொங்கல் வருவதற்குள் கால் வீங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றினேன். மாமாவும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். டவுனில் ஒரு வயிற்று டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி அக்காவைப் பார்த்துத்தான்.

"குடிப்பழக்கம் உண்டாம்மா?"

மாமா பாக்கு மணக்க நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். அக்கா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் குடிக்கறது சாறு மட்டுந்தான் சார்" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன சாறு, எத்தனை வருஷமாக, வேறு என்ன மாத்திரை என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் பெருமையாகவே எல்லாம் சொன்னாள், ஆன்டிஆக்சிடன்ட் உட்பட. அவர் திட்டவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: "இலை கெட்டதுன்னு நான் சொல்லலம்மா. ஆனா எல்லா உடம்பும் ஒன்னு இல்ல. சீந்தில் சில பேருக்கு ஈரலையே தாக்கும். அந்தத் தேயிலை மாத்திரையும் அப்படித்தான். உங்களுக்கு எதனாலன்னு இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாது. அதனால எல்லாத்தையும் இன்னியோட நிறுத்திடுங்க. நிறுத்தினா ஈரல் தேறிக்க வாய்ப்பு ஜாஸ்தி." அவர் மாமாவின் மூச்சையும் கவனித்திருக்க வேண்டும். வந்ததோடு வந்ததாக அவருக்கும் ஒரு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எழுதினார். மாமாவின் ஈரலில் கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். குடியை விட்டால் அதுவும் சரியாகிவிடும் என்றார்.

அந்த ஒரு காகிதம்தான் அக்காவைக் கொன்றது என்று நான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினாள். கண் மஞ்சள், கால் வீக்கம், முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா? இத்தனை வருஷம் குடிச்சும் அவருக்கு ஒன்னியும் ஆவல. சாறு வேலை செஞ்சிருக்குது!"

"அக்கா, அந்தச் சாறுதான் உங்களை..."

"ஒரே டம்ளரும்மா. பாதி அவருக்கு, பாதி எனக்கு. சாராயம் குடிக்கறவருக்கு நல்லது பண்றது, மோர் குடிக்கற எனக்கு கெட்டது பண்ணுமா? டாக்டருக்கு நம்ம எலையைப் பத்தி இன்னா தெரியும்?"

நான் டாக்டர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஒருத்தருக்கு வேர்க்கடலை தின்றால் மூச்சு அடைக்கிறது, இன்னொருத்தர் கிலோக் கணக்கில் தின்கிறார், அது மாதிரி என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். முட்டாள் இல்லை அவள். கடைசியில் சொன்னாள்:

"சரி, நான் குடிக்கல. அப்புறம் அவரு குடிக்க மாட்டாரே."

அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று மாமாவிடம் போனேன். கடையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாமா, உங்க காலை வேணாலும் புடிச்சுக்கறேன். அக்காவை மொதல்ல குடின்னு சொல்லாதீங்க" என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நான் எங்கம்மா சொல்றேன்? அந்தப் பயமெல்லாம் போயி எவ்ளோ காலம் ஆச்சி. அவதான் குடிச்சிட்டுக் குடுக்கறா. நானும் சும்மா தலையை ஆட்டறேன். ஒரு பழக்கம்."

செம்புக் கம்பி சுற்றிய கையோடு அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அவருக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்குக் கட்டாயம் இல்லை. யாருக்கும் தேவைப்படாத ஒரு மடக்கு.

"அத்த அவங்ககிட்ட சொல்லுங்க மாமா. நீ குடிக்க வேணாம், நான் குடிச்சுக்கறேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

சொன்னார். பாவம், உண்மையிலேயே சொன்னார். மறுநாள் காலையில் படியில் உட்கார்ந்து, "குடு, நான் குடிச்சுக்கறேன். நீ வேணாம்" என்று கையை நீட்டினார். அக்கா டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவள் குனிந்து அவர் கண்ணின் இமையை இறக்கிப் பார்த்தாள். பிறகு, "என்னிக்கும் இல்லாம இன்னிக்கு இன்னா? கீழ ஊத்திடலாம்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் பாதியைக் குடித்து மிச்சத்தை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர் என்றேனே, இதுதான் அந்த நல்லதனம். ஒரு டம்ளரைப் பிடுங்கிக் கீழே கொட்டுகிற அளவுக்குக்கூட அது உதவவில்லை.

போளூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவின் மகளுக்கு போன் செய்தேன். அவள் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். துணிப்பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய கீழாநெல்லிக் கட்டும் கூடவே போனது. அக்கா வயிறு வீங்கித் திரும்பி வந்தாள். அங்கிருந்து சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மாற்று ஈரல் வைக்க வேண்டும் என்றார்களாம். அதற்கெல்லாம் அவள் உடம்பு காத்திருக்கவில்லை.

லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். மருந்து வாசனையில் அவளுடைய இலை வாசனை எங்கேயோ போய்விட்டிருந்தது. மூளைக்கும் விஷம் ஏறிவிட்டது, ஆள் அடையாளம் தெரியாது என்று மகள் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்து யாரோ எவரோ என்று விழித்தாள். நர்ஸ் பெண் குனிந்து ட்ரிப்ஸ் ஊசியைச் சரிசெய்தபோது அக்காவின் கை மெல்ல எழுந்தது. நர்ஸ் தட்டிவிடப் போனாள். "இருங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று நான் தடுத்தேன். நடுங்கிக்கொண்டே போய் அந்தக் கட்டைவிரல் நர்ஸின் கன்னத்தில் உட்கார்ந்தது. இமையை இறக்கியது.

"வெள்ளையா கீது" என்றாள். "போ."

அவள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

காரியம் முடிகிற வரைக்கும் மாமா குடிக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுததில் பொய் இல்லை. அப்புறம் மெல்ல ஒயின் ஷாப் பக்கம் போகத் தொடங்கினார். துக்கம் என்றார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினார். "எனக்கு ஒன்னும் இல்லங்க. அவ குடுத்த சாறு. என்னைக் காப்பாத்திட்டுப் போயிட்டா." கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் படர்ந்திருந்த சீந்தில் கொடியை அடியோடு வெட்டினேன். கொடி வெட்டுப்பட்டு அந்தரத்தில் தொங்கியது. காய்ந்து போகட்டும் என்று விட்டேன். அது காயவில்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், தொங்கிய தண்டிலிருந்து நூல் மாதிரி ஒரு வேரை இறக்கி, அது மண்ணைத் தொட்டு, கொடி மறுபடி தளிர் விட்டிருந்தது. வெட்டிப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் அதை அமிர்தவல்லி என்கிறார்களாம். அதை என்னிடம் சொன்னவள் அக்காதான்.

மகள் இப்போது அப்பாவோடுதான் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு இந்த ஊரிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டார்கள். அவள் வந்த மறுநாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடியது. எட்டிப் பார்த்தேன். மாமா அதே படியில், அதே லுங்கியில். மகள் டம்ளரோடு வந்தாள். அவர் எதுவுமே சொல்லவில்லை. மோவாயைக்கூட ஆட்டவில்லை. அவளாகவே பாதியைக் குடித்து, துப்பட்டாவில் வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை நீட்டினாள்.

சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். சாற்றைக் கொடுப்பது என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்று, அவள் கன்னத்தில் கையை வைத்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, இமையை இறக்கினேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

"இன்னா சித்தி, அம்மா மாதிரியே பண்றீங்க!" என்று அவள் சிரித்தாள்.

"நீ குடிக்காதேடி. டாக்டர் சொன்னது உனக்கும் தெரியுமில்ல? உனக்கு எதுக்கு அது?"

அவள் காலி டம்ளரை அப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சிரிப்பு மாறாமலே சொன்னாள்:

"அப்புறம் அப்பா குடிக்க மாட்டாரே."